வேக்குவம் இறங்கவில்லை என்று பம்ப்பை மாற்றுவதற்கு முன்

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கேரேஜ் கதவைத் திறந்தபோது, ஃப்ரீஸ் டிரையரின் (சாப்பாட்டை உறையவைத்து, காற்றை எடுத்துக் காயவைக்கும் இயந்திரம்) திரையில் 720 மில்லிடார் என்று நின்றிருந்தது. மில்லிடார் என்பது உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தின் அளவு, குறையக் குறைய வேக்குவம் நல்லது. முந்தின இரவு பதினோரு மணிக்குப் பார்த்தபோதும் அதே 720. உள்ளே ஐந்து தட்டுகளில் பலாச்சுளையும் தயிருமாக நாலு கிலோ. ஏழு மணி நேரம் பம்ப் ஓடியும் காய்வது தொடங்கவே இல்லை. 500க்குக் கீழே இறங்கினால்தான் என் இயந்திரம் தட்டுகளுக்குச் சூடு கொடுக்கும். அதுவரை வெறுமனே உறைந்து கிடக்கும், பம்ப் இரைந்துகொண்டே இருக்கும். பிப்ரவரியில் வாங்கியது. ஏப்ரல் வரை ஒரு குறை இல்லாமல் ஓடியது. அந்த ஒரு விவரத்தை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் மூன்று மாதமும் 1,590 டாலரும் மிஞ்சியிருக்கும். ஹூஸ்டன் புறநகரில் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் மாறுவது என்ன என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் வெயில் என்று சொல்லியிருக்கும். என் கண் முழுக்கப் பம்ப் மேலேயே இருந்தது. இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக, நடந்ததை வரிசையாக, எண்களோடு எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல்தான் நான் பணத்தைக் கொட்டினேன். வீட்டு ஃப்ரீஸ் டிரையரில் மூன்று வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஒரு கம்ப்ரஸர், தட்டுகள் இருக்கும் உருளையின் உட்சுவரை மைனஸ் 35, மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைக்கிறது. வேக்குவம் பம்ப் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. தட்டுகளுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் மெதுவாகச் சூடு கொடுக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 7,60,000 மில்லிடார். அது 4,580க்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் திரவமாக நிற்க முடியாது, பனிக்கட்டி நேராக ஆவியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் கற்பூரத்தைக் காட்டிப் பதங்கமாதல் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். அந்த ஆவி எங்கே போகிறது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறாக நினைக்கிறார்கள். பம்ப் உறிஞ்சி வெளியே தள்ளுகிறது என்று நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மில்லிடாரில் ஒரு கிராம் பனி ஆவியானால் ஏறக்குறைய 2,000 லிட்டர் இடத்தை அடைக்கும். 5 சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு ஐந்து கன அடி) பம்ப் நிமிடத்துக்கு இழுப்பது 140 லிட்டர். ஒரு கிராமுக்கே 14 நிமிடம். நாலு கிலோ பழத்திலும் தயிரிலும் இருக்கும் மூன்றே கால் கிலோ தண்ணீரைப் பம்ப் மட்டும் இழுத்து வெளியேற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நிஜத்தில் ஒரு நாளில் காய்ந்துவிடுகிறது. காரணம், அந்த ஆவியை எல்லாம் பிடித்து மறுபடி பனியாக ஒட்டவைத்துக்கொள்வது குளிர்ந்த சுவர்தான். ஆவிக்கு அந்தச் சுவர்தான் பம்ப். வேக்குவம் பம்ப்புக்கு உள்ள வேலை, ஆரம்பத்தில் இருக்கும் காற்றை எடுப்பதும், பிறகு எங்கிருந்தாவது கசிந்து வரும் காற்றை எடுத்துக்கொண்டே இருப்பதும்தான்.

இது எனக்கு ஆகஸ்டில்தான் புரிந்தது. ஜூனில் நான் செய்தது இது. பம்ப்பின் கண்ணாடிச் சாளரத்தில் பார்த்தேன், ஆயில் நீர்மோர் மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது, அதனால்தான் வேக்குவம் வரவில்லை என்று முடிவு கட்டினேன். மாற்றினேன். அடுத்த முறையும் வெளுத்தது. மறுபடி மாற்றினேன். இரண்டு காலன் ஆயில், 50 டாலர். ஆயில் வெளுத்திருந்தால் வேக்குவம் கெடும் என்பது உண்மைதான், ஆனால் என் விஷயத்தில் அது நோய் அல்ல, நோயின் அறிகுறி. சுவர் போதுமான அளவு குளிராமல் இருந்ததால், அது பிடிக்க வேண்டிய ஆவி பம்ப்புக்குள் போய் ஆயிலில் தண்ணீராகியிருக்கிறது. ஆயில் கெட்டதும் வேக்குவம் இன்னும் மோசமாகும், இன்னும் ஆவி பம்ப்புக்கு வரும். ஒன்றுக்கொன்று தூபம் போடும் கதை. புதிய ஆயில் ஊற்றி அரை நாளில் வெளுக்கிறது என்றால், ஆயிலை விட்டுவிட்டுத் தண்ணீர் ஏன் பம்ப் வரை வருகிறது என்று பாருங்கள்.

ஜூலையில், பம்ப் தேய்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்து 160 டாலருக்கு ஒரு ஏசி மெக்கானிக் பம்ப் வாங்கினேன். இரண்டு ஸ்டேஜ் (இரண்டு கட்டமாக இழுப்பது), 5 சி.எஃப்.எம், 25 மைக்ரான் வரை இழுக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. மைக்ரானும் மில்லிடாரும் நடைமுறையில் ஒன்றுதான். பார்த்தால் ஃப்ரீஸ் டிரையரோடு வரும் பம்ப்புக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஏசி வேலையில் இதை அரை மணி, ஒரு மணி நேரம் ஓட்டி அணைத்துவிடுவார்கள். நமக்கு இருபது, முப்பது மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். இன்னொன்று, நான் வாங்கியதில் கேஸ் பேலஸ்ட் வால்வ் இல்லை. பம்ப்புக்குள் ஆவி அழுத்தப்படும்போது தண்ணீராக மாறி ஆயிலில் விழாமல் இருக்க, கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஆவியை அதோடு சேர்த்துத் தள்ளிவிடும் சின்னத் திருகுதான் இந்தப் பேலஸ்ட். ஏசி லைனில் ஈரம் கொஞ்சம்தான் இருக்கும், அது இல்லாமலும் ஒப்பேற்றலாம். நமக்கு அது இல்லாத பம்ப் வேண்டவே வேண்டாம். திரையில் 700 காட்டியது. பதினோராவது மணி நேரத்தில் மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிட்டது. தட்டுகளைத் திறந்தபோது தயிர் ஓரத்தில் நுரைத்து நடுவில் உருகியிருந்தது. பலாச்சுளை பிசுபிசுத்துத் தட்டோடு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். இப்படி மூன்று தடவை கொட்டியதில் போன சாப்பாட்டுப் பொருள் மட்டும் 175 டாலர் இருக்கும். காசைவிட, சுளை சுளையாக உரித்து அடுக்கியதைக் கொட்டும்போதுதான் அழுகை வந்தது.

அடுத்தது ஆயிலே இல்லாத ஸ்க்ரோல் பம்ப். இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று சுழன்று காற்றை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் அமைப்பு. ஆயில் மாற்றும் தொல்லை இல்லை, புகை இல்லை, நாற்றம் இல்லை. புதிதாக வாங்கினால் சில இயந்திரங்களின் விலையில் பாதிக்கு மேல் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திக் கழித்தது 900 டாலருக்குக் கிடைத்தது, வாங்கினேன். வந்ததும் சரியாக இழுக்கவில்லை. ஸ்க்ரோல் பம்ப்பில் சுருள்களின் விளிம்பில் டிப் சீல் என்று ஒரு பட்டை ஓடும். தேய்ந்து மாவு மாவாக உதிரக்கூடியது அது. செட் 240 டாலர். மாற்றுவது கடினமில்லை. மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, பழைய பட்டையை உருவி எடுத்து, உதிர்ந்த தூளை நன்றாகத் துடைத்து, புதியதைச் சரியான பக்கம் பார்த்து காடியில் அழுத்தி, நீளத்துக்கு வெட்டி மூட வேண்டும். மாற்றியதும் முதல் சில மணி நேரம் சரியாக இழுக்காது, பட்டை படிந்துவர நேரம் எடுக்கும். அந்தப் பம்ப்பின் வாய் கிளாம்ப் போட்டு இறுக்கும் கே.எஃப் 25 வளையம், இயந்திரத்தினுடையது மரை போட்டு இறுக்கும் 3/8 அங்குல ஃப்ளேர். இரண்டையும் இணைக்க அடாப்டர், ஓ-ரிங், கிளாம்ப் என்று 65 டாலர். பழைய ஸ்க்ரோல் பம்ப் வாங்குபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வாயை அடைத்துவிட்டுக் கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) எவ்வளவு காட்டுகிறது என்று வீடியோ கேளுங்கள். "சுவிட்ச் போட்டால் ஓடுகிறது" என்பது மோட்டாரைப் பற்றிய தகவல் மட்டும்தான். எல்லாம் மாட்டி ஓட்டினேன். 680. அன்றைக்கு இரவு இயந்திரத்தையே வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று விளம்பரம் எழுதி வைத்துவிட்டேன்.

விளம்பரத்தைப் போடுவதற்கு முன்னால் 90 டாலருக்கு ஒரு மைக்ரான் கேஜ் வாங்கினேன். ஏசிக்காரர்கள் வைத்திருப்பார்களே, உள்ளங்கை அளவு, அது. இந்த ஒரு செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் இது வீண் போகவில்லை. ஜூனிலேயே வாங்கியிருக்க வேண்டியது இது ஒன்றுதான். இயந்திரத்தின் திரை காட்டுவது மொத்த அமைப்பின் எண். கோளாறு பம்ப்பிலா, குழாயிலா, உருளையிலா, சுவரிலா என்று அது பிரித்துச் சொல்லாது. தனிக் கேஜ் இருந்தால் ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் பம்ப்பின் வாயில் நேராகக் கேஜை மாட்டி, வேறெதுவும் இல்லாமல் பதினைந்து நிமிடம் ஓட்டினேன். இயந்திரத்தோடு வந்த பழைய பம்ப், புது ஆயிலோடு: 38. ஏசி பம்ப்: 60. ஸ்க்ரோல்: 30. மூன்றுமே நல்ல பம்ப்புகள்! முதல் பம்ப்பில் ஒரு நாளும் கோளாறு இருந்ததே இல்லை. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கேரேஜ் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். 100க்குக் கீழே எதையும் காட்டும் பம்ப் இந்த வேலைக்குப் போதும், அதை மாற்றாதீர்கள்.

அடுத்து குழாயையும் சேர்த்து, மறுமுனையில் கேஜ் வைத்தேன். 55. சரி. குழாயைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடும் 500 மில்லிடார் அளவு அழுத்தத்தில் நாலு அடி நீள 3/8 அங்குலக் குழாய் வழியே நிமிடத்துக்கு இருபது லிட்டர் அளவுதான் வர முடியும், பம்ப் 140 இழுக்கத் தயாராக இருந்தாலும். 5 சி.எஃப்.எம்மா 7 சி.எஃப்.எம்மா என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் குழாயைக் குட்டையாகவும் அகலமாகவும் ஆக்கட்டும். உள்விட்டம் பாதியானால் வருவதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஏசிக்காரர்களின் மஞ்சள் நிற மெல்லிய குழாயைக் கண்டிப்பாக மாட்டக் கூடாது. ஃப்ளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் வீண். அங்கே அடைப்பது மரை அல்ல, சரிவாக விரிந்த பித்தளை முகமும் முகமும்தான். அந்த முகத்தில் கீறல் இருந்தால் எவ்வளவு டேப் சுற்றினாலும் கசியும். டேப் தேவைப்படுவது கூம்பு மரை உள்ள இடத்தில் மட்டும்.

பிறகு உருளை. உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, கம்ப்ரஸரைப் போடாமல், சாதாரண வெப்பத்தில் வெறும் உருளையைப் பம்ப்போடு சேர்த்தேன். அரை மணி நேரத்தில் 410. அங்கேயே நின்றது. குழாய்க்கும் உருளைக்கும் நடுவில் ஒரு பால் வால்வ் (உள்ளே உருண்டை திரும்பி வழியை அடைக்கும் வால்வ்) முன்பே போட்டு வைத்திருந்தேன். அதை மூடிப் பம்ப்பை அணைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை உருளையின் எண்ணைக் குறித்தேன். பத்து நிமிடத்தில் 410லிருந்து 1,900. ஒரே சீராக, நேர்கோடாக ஏறியது. இந்த ஏற்றத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். ஈரத்தால் ஏறினால் முதலில் விறுவிறுவென்று ஏறிப் பிறகு தளர்ந்து படுத்துவிடும். ஓட்டையால் ஏறினால் தளராமல் ஏறிக்கொண்டே இருக்கும். எனக்கு ஓட்டை.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கதவின் கேஸ்கெட்டை, அதாவது அதன் ரப்பர் வளையத்தை. நானும் அங்கேதான் போனேன். அக்ரிலிக் கதவை மூடி டார்ச் அடித்துப் பார்த்தால், ரப்பர் அழுந்தும் இடம் கருப்பு வளையமாகத் தெரியும். அந்த வளையம் எங்கேயும் அறுபடாமல் முழுவட்டமாக இருக்க வேண்டும். ஒரு தலைமுடி, ஒரு மிளகுத் தூள் போதும் அறுபட. ரப்பரை எடுத்து வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, காயவைத்து மாட்டலாம். கதவை மட்டும் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அக்ரிலிக்கில் முடி முடியாக விரிசல் விடும். என் வளையம் முழுசாக இருந்தது. மிச்சம் இருப்பது அடியில் உள்ள வடிகால் வால்வ். பனி உருகியதும் தண்ணீர் வெளியேறும் வழி அது. அதன் குழாய் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பம்ப்பைப் போட்டேன். தண்ணீர் மெதுவாகக் குழாயில் மேலே ஏறியது. அவ்வளவுதான் விஷயம்! வால்வைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் உருண்டைக்கும் வெள்ளை வளையத்துக்கும் நடுவில் ஒரு பலாச்சுளை நார், நூல் கனம்கூட இல்லை, குறுக்கே படிந்து கிடந்தது. பனியை உருக்கி வடிய விட்ட ஒவ்வொரு தடவையும் தட்டிலிருந்து விழுந்த துணுக்குகள் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. கழுவிப் போட்டதும் வெறும் உருளை 140க்கு வந்தது. மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் 230, அதுவும் தளர்ந்து தளர்ந்து. இப்போது ஒவ்வொரு தடவை வடித்த பிறகும் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி வால்வை நாலைந்து தடவை திறந்து மூடுகிறேன். டம்ளர் சோதனையும் ஒவ்வொரு தடவையும் உண்டு. அரை நிமிட வேலை.

ஆனால் ஓட்டையை அடைத்தும் சாப்பாட்டை வைத்து ஓட்டியபோது 640க்கு வந்து நின்றுவிட்டது. இங்கேதான் வெயில் வருகிறது. வேக்குவம் இல்லாமல் கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, கம்பியோடு கூடிய தெர்மாமீட்டரின் முனையைச் சுவரில் ஒட்டி, கம்பியைக் கதவிடுக்கு வழியாக வெளியே விட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் மைனஸ் 22. கேரேஜில் அப்போது 39 டிகிரி. பனிக்கட்டிக்கு ஒவ்வொரு வெப்பநிலையிலும் இவ்வளவு ஆவி அழுத்தம் என்று இயற்கை வகுத்து வைத்திருக்கிறது. மைனஸ் 40ல் 97 மில்லிடார், மைனஸ் 30ல் 285, மைனஸ் 22ல் சுமார் 640, மைனஸ் 20ல் 775. சுவரில் மைனஸ் 22ல் பனி படிந்திருக்கும்வரை, உலகத்தில் உள்ள எந்தப் பம்ப்பை மாட்டினாலும் உருளைக்குள் 640க்குக் கீழே போகாது. பம்ப் இழுக்க இழுக்கச் சுவரில் இருக்கும் பனியே ஆவியாகி நிரப்பிக்கொண்டிருக்கும். இந்த அட்டவணையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். திரையில் ஓர் எண் பிடிவாதமாக நின்றால், முதலில் அதற்கு நேரான சுவர் வெப்பநிலை என்ன என்று பார்க்கிறேன்.

இயந்திரத்தை வீட்டுக்குள், துணி துவைக்கும் அறைக்கு மாற்றினேன். அறை 24 டிகிரி. பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடம் விட்டேன். கம்ப்ரஸரின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர் வலையில் படிந்திருந்த பஞ்சையும் தூசியையும் வேக்குவம் கிளீனரால் எடுத்தேன். சுவர் மைனஸ் 38க்கு இறங்கியது. பழைய பம்ப், பழைய குழாய், அதே தயிர். இருபது நிமிடத்துக்குள் 330. ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: இயந்திரமும் பம்ப்பும் சேர்ந்து சராசரியாக 1,100 வாட் இழுக்கின்றன, அத்தனையும் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். கதவைச் சாத்திவைத்த சின்ன அறையில் மறுபடி கேரேஜ் கதைதான். ஒரு தடவைக்கு என் மீட்டரில் 30லிருந்து 35 யூனிட் வரை ஓடுகிறது.

இப்போது எந்தப் பம்ப் என்ற கேள்விக்கு வருகிறேன். வாரம் ஒரு தடவை ஓட்டுபவருக்கு ஆயில் பம்ப்பே போதும் என்பது என் தீர்மானம், ஆனால் அதைப் பேண வேண்டும். என் பம்ப்புக்கு 700 மில்லி பிடிக்கும். சாளரத்தில் பாதிக்கு நிற்க வேண்டும், அதற்கு மேல் ஊற்றினால் புகையாகக் கக்கும். ஓட்டி முடித்ததும் சூடு ஆறுவதற்குள் வடித்துவிட வேண்டும், ஆறினால் அழுக்கு அடியில் தங்கிவிடும். வடித்ததைக் கண்ணாடி ஜாடியில் இரண்டு நாள் வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். ஜாடியை ஃப்ரீஸரில் வைத்தால் அந்தத் தண்ணீர் பனியாகிவிடும், மேலே இருக்கும் ஆயிலைப் பதமாகச் சாய்த்து எடுத்து, அறைச்சூட்டுக்கு வந்ததும் காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டி மறுபடி ஊற்றலாம். கறுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். வேக்குவம் பம்ப் ஆயில் என்று விற்பதைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். கார் எஞ்சின் ஆயிலில் இருக்கும் சோப்புத்தன்மையுள்ள சேர்மானங்கள் தண்ணீரைப் பிரிய விடாமல் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பேலஸ்ட் திருகைத் திறந்து வைத்து, ஓட்டுவதற்கு முன் இருபது நிமிடமும் முடிந்த பின் அரை மணியும் பம்ப்பைச் சும்மா ஓட்டினால் ஆயிலில் இருக்கும் ஈரம் பெருமளவு போய்விடும். பேலஸ்ட் திறந்திருக்கும்போது எண் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். புகைவாயில் எண்ணெய்த் திவலை வரும், அது மூச்சுக்கு நல்லதில்லை. வடிகட்டி மாட்டுங்கள், அல்லது குழாய் வைத்து வெளியே விடுங்கள். அந்தக் குழாய் பம்ப்பிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து போக வேண்டும், இல்லாவிட்டால் அதில் தேங்கும் தண்ணீர் பம்ப்புக்கே திரும்பும். நடுவில் கரண்ட் போனால் ஆயில் உருளைக்குள் ஏறிவிடும் பம்ப்புகள் உண்டு. பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வ் உள்ளே இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இருபது முப்பது தடவைக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று கூடுதல் விலைக்கு வரும் ஆயில் பம்ப்புகள் இருக்கின்றன. ஆயில் வேலையில் சோம்பல் வரும் என்று தெரிந்தவர்கள் அதற்குக் கொடுக்கலாம், ஸ்க்ரோலுக்குத் தாவ வேண்டியதில்லை.

வாரம் மூன்று நாலு தடவை ஓட்டுபவர், விற்பனைக்குச் செய்பவர் என்றால் ஸ்க்ரோல் நியாயம். அதிலும் ஈரம் எதிரிதான். முடிந்த பின் அரை மணி நேரம் பேலஸ்ட்டோடு ஓட்டி உலர்த்தாவிட்டால் சுருளுக்குள் தண்ணீர் நின்று அரிக்கும். டிப் சீல் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டயாஃப்ரம் பம்ப் என்று ஆயில் இல்லாமல் மலிவாக வருவது இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண ரகங்கள் ஆயிரம் மில்லிடாருக்கு மேலேயே நின்றுவிடும். ஒரே ஸ்டேஜ் உள்ள ஆயில் பம்ப்பும் வேண்டாம்.

உள்ளே வைக்கும் சாப்பாடும் பம்ப்பைக் கெடுக்கும். ஆல்கஹால் மைனஸ் 40ல் உறையாது, சுவர் அதைப் பிடிக்காது, நேராக ஆயிலுக்குப் போகும். வினிகரும் அதிகப் புளிப்புள்ள பழங்களும் ஆயிலைச் சீக்கிரம் புளிக்க வைக்கும். எண்ணெய், நெய், வெண்ணெய் காயவே காயாது. சாம்பார், கூட்டு வைப்பதானால் தாளிக்காமல் வைத்து, சாப்பிடும்போது தாளித்துக்கொள்ளுங்கள். தேன், பாகு, நன்கு பழுத்த பலா போன்ற சர்க்கரை மிகுந்தவை பொங்கித் தெறிக்கும். இவற்றை அரை அங்குலத்துக்கு மேல் கனம் இல்லாமல் பரப்பி, ஒரு நாள் முழுக்க டீப் ஃப்ரீஸரில் கல்லாக்கிவிட்டு வைக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து நம்பாதீர்கள். தட்டை எடைபோட்டு, இன்னும் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி எடைபோடுங்கள். ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்றால்தான் முடிந்தது.

இயந்திரமே இன்னும் வாங்காதவர்களுக்கு: இந்தத் தொழில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. ஹார்வெஸ்ட் ரைட், புளூ ஆல்பைன், ஸ்டே ஃப்ரெஷ் எல்லாம் அந்தப் பக்கத்து நிறுவனங்கள். எத்தனை தட்டு, எவ்வளவு பளபளப்பு என்பதையெல்லாம் பின்னால் பாருங்கள். பம்ப் தனியாக வெளியே நிற்கிறதா, உள்ளே அடைத்திருக்கிறதா? தனியாக இருந்தால் நாளைக்கு வேறு பம்ப் மாட்டலாம். இணைப்பு ஃப்ளேரா, கே.எஃப் வளையமா? திரையில் மில்லிடார் எண் தெரிகிறதா, வெறும் பட்டையா? பம்ப்பை மட்டும், குளிர்ச்சியை மட்டும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும் சோதனைத் திரை உண்டா? மேலே சொன்ன சோதனைகள் எல்லாமே அந்தத் திரையால்தான் சாத்தியமாயின. பெரிய அளவுகளுக்குத் தனி 20 ஆம்பியர் லைன் கேட்பார்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். 110 வோல்ட் இயந்திரத்தை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230ல் ஓட்டலாம் என்று சொல்வார்கள். வோல்ட் சரியாகும், 60 ஹெர்ட்ஸ் 50 ஆவதை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடேறும், கம்ப்ரஸரின் குளிரும் குறையும். சென்னை மே மாதத்தில் அந்தக் கம்ப்ரஸரிடம் மைனஸ் 38 கேட்பது நடக்கிற காரியமில்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று தகட்டிலேயே அடித்திருப்பதை வாங்கி, ஏசி உள்ள அறையில் வையுங்கள்.

ஸ்க்ரோல் பம்ப்பை, புது டிப் சீலோடு, கேஜ் 30 காட்டும் வீடியோவும் எடுத்து அனுப்பி 800 டாலருக்கு விற்றுவிட்டேன். ஏசி பம்ப் அலமாரியில் இருக்கிறது, பாட்டிலில் அடைத்த பருப்புப்பொடிக்குக் காற்றெடுக்க உதவுகிறது. நேற்றிரவு எட்டு மணிக்குத் தயிரும் முருங்கைக்கீரையும் வைத்தேன், அறை 23 டிகிரி, டம்ளரில் தண்ணீர் ஏறவில்லை. உறைந்து முடிந்து பம்ப் ஓடத் தொடங்கிய பதினெட்டாவது நிமிடத்தில் 310.